புதிய உலாவிக்குக் கிடைத்த முதல் தீர்ப்பு

2008 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2 ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கூகுள் நிறுவனம் 'குரோம்' என்னும் பெயரில் ஓர் இணைய உலாவியை வெளியிட்டது. விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு மட்டும். அதுவும் 'பீட்டா' என்று முத்திரையிட்ட சோதனைப் பதிப்பு. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில், 43 மொழிகளில், ஒரே நாளில் அது கிடைத்தது. அதன் அமைப்பை விளக்குவதற்கென்று ஸ்காட் மெக்கிளவுட் என்னும் அமெரிக்க ஓவியர் வரைந்த 38 பக்கச் சித்திரக்கதை ஒன்றும் உடன் வந்தது. உடன் வந்தது என்பதைவிட முந்தி வந்தது என்பதே சரி. அஞ்சலில் அனுப்பிய பிரதிகள் சில ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டபடியால் செய்தி வெளியே கசிந்துவிட்டது.

வாசகர்களே, இங்கு நாம் ஆராயப் போவது குரோமை அன்று. குரோமைப் பற்றி முதல் வாரத்தில் உலகம் சொன்ன தீர்ப்பை. மதிப்புரைக்கு ஒரு மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வேண்டாத வேலை என்று எண்ணிவிட வேண்டாம். நாளைக்கே இன்னொரு உலாவியோ, இன்னொரு செயலியோ வெளிவரும். "அடேயப்பா, என்ன வேகம்!" என்று ஒருவர் சொல்வார். "ஒன்றுக்கும் உதவாது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உங்கள் காதில் விழும். எந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்புவது என்று கணக்கிடக் குரோமின் முதல் வாரத்தைப் போல நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஏனெனில் அதன் பின் நடந்தவை அனைத்தும் இப்போது நம் கண்முன் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரத்தில் மிக உரக்க ஒலித்த பாராட்டுத்தான் மிகக் குறைவாகச் சோதிக்கப்பட்டது. சிலர் மட்டுமே, உட்கார்ந்து படித்தும் தட்டிப் பார்த்தும் கண்டு சொன்ன குறைகளே காலத்தால் நிலைத்தன.

உரக்க ஒலித்த பாராட்டு எது? வேகம். குரோம் பறக்கிறது என்றார்கள். அந்த வேகத்துக்கு ஓர் அடிப்படை இருந்ததை மறுப்பதற்கில்லை. இணையப் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழி உண்டு. பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிவதும், வரைபடம் நகர்வதும் அதன் வேலை. அதற்கு முன்பிருந்த உலாவிகள் பெரும்பாலும் துபாஷியைப் போல் இயங்கின. அதாவது, நிரலை வரி வரியாக வாசித்து, அவ்வப்போது பொருள் சொல்லிக்கொண்டே போயின. ஒரே வரி ஆயிரம் முறை வந்தால் ஆயிரம் முறையும் பொருள் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் லார்ஸ் பாக் என்பவர் தலைமையில் உருவான குரோமின் 'வி8' என்னும் பொறி, நிரலை நேரடியாகக் கணிப்பொறியின் எந்திர மொழிக்கே பெயர்த்து வைத்துக்கொண்டு ஓட்டியது. இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் பயனர் கண்டது இந்த வேகத்தைத்தானா? இங்கேதான் இயற்பியல் ஆசிரியனுக்குக் கை துறுதுறுக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பக்கத்தின் அளவு 300 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். பைட் ஒன்றுக்கு 8 பிட் வீதம் 2400 கிலோபிட். 2008 இல் இந்தியாவில் வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்கு 'அகலப்பட்டை' என்று பெயர்; 2004 ஆம் ஆண்டுக் கொள்கை அவ்வாறே வரையறுத்திருந்தது. 2400 ஐ 256 ஆல் வகுத்தால் சுமார் 9.4 வினாடி. பக்கம் வந்து சேர இவ்வளவு நேரம். இனி, அதிலுள்ள நிரலை ஓட்டப் பழைய உலாவிக்கு 0.4 வினாடியும் புதியதற்கு 0.1 வினாடியும் ஆவதாகக் கொள்வோம். நிரல் நான்கு மடங்கு வேகமாக ஓடிவிட்டது! ஆனால் மொத்த நேரம் 9.8 வினாடியிலிருந்து 9.5 வினாடிக்குக் குறைந்தது. 3 விழுக்காடுதான் மிச்சம். அதைக் கண்ணால் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது. கல்லூரியில் ஊசல் சோதனை செய்த மாணவர்களுக்கு இது தெரியும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் நம் விரலே கிட்டத்தட்ட 0.2 வினாடி தாமதிக்கிறது. அதனால்தான் ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளந்து வகுக்கிறோம். முதல் நாள் பாராட்டுக்காரர்களில் இருபது அலைவு எண்ணியவர்கள் மிகச் சிலரே.

அப்படியானால் அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் ஏதோ ஒரு வேகத்தை உணர்ந்தது மெய். குரோமின் சன்னல் சட்டென்று திறந்தது, அது ஒன்று. மற்றொன்றைப் பெரும்பாலோர் கருதவில்லை. அவர்களுடைய பழைய உலாவி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த துணைநிரல்களையும் கருவிப்பட்டைகளையும் பழைய பதிவுகளையும் சுமந்துகொண்டிருந்தது. குரோமோ அன்றுதான் நிறுவப்பட்டது; துணைநிரல் சேர்க்க அதில் வழியே கிடையாது. மூட்டை சுமந்தவனையும் வெறுங்கையனையும் ஓடவிட்டு, வெறுங்கையனின் கால் வலிமையை மெச்சுவது சோதனை ஆகாது. மற்றக் காரணிகளை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

முறையாக அளந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதை இன்னும் சுவையானது. கூகுள் தன் வி8 பொறியுடன் ஒரு சோதனைத் தொகுப்பையும் தானே தயாரித்து வெளியிட்டது. அதில் குரோம் மற்றவற்றைவிடப் பன்மடங்கு முந்தியது. மறு நாளே, ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொசில்லாவின் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே உருவாக்கியவர், ஒரு கணக்கை வெளியிட்டார். 'சன்ஸ்பைடர்' என்னும் வேறொரு தொகுப்பில், தாங்கள் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த 'டிரேஸ்மங்கி' என்னும் பொறி வி8 ஐ முந்துவதாக அவர் காட்டினார். மொசில்லாவுக்கு 'டிரோமேயோ' என்று சொந்தத் தொகுப்பும் இருந்தது. வினாத்தாளைத் தயாரித்தவரே தேர்வையும் எழுதினால் முதல் மதிப்பெண் யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா? ஒரு குறிப்பிட்ட வகைக் கணக்கில், தன்னைத்தானே அழைக்கும் நிரல்களில், வி8 மிகச் சிறந்தது. வேறு வகைகளில் அவ்வளவு இல்லை. "குரோம் பத்து மடங்கு வேகம்" போன்ற வாக்கியங்களுக்கு, எந்தச் சோதனையில் என்று சேர்த்துச் சொன்னாலன்றிப் பொருளே இல்லை.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. மின்னஞ்சல், வரைபடம் போன்ற, நிரல் மிகுந்த பக்கங்களில் வேறுபாடு மெய்யாகவே இருந்தது. இந்த ஆரவாரத்தால் போட்டியும் முடுக்கிவிடப்பட்டது. அதே செப்டம்பரில் சஃபாரி உலாவிக்கான புதிய பொறி அறிவிக்கப்பட்டது. டிரேஸ்மங்கி 2009 ஜூன் இறுதியில் ஃபயர்பாக்ஸ் 3.5 உடன் வெளிவந்தது. சோதிக்காத பாராட்டாலும் சில வேளை நன்மை விளைகிறது போலும்.

நிற்க. அடுத்து, குரோமின் மற்றொரு பெருமைக்கு வருவோம். முந்தைய உலாவிகளில் பத்து டேப்களைத் திறந்து வைத்திருந்து, அவற்றுள் ஒன்று சிக்கிக்கொண்டால் உலாவி முழுவதும் படுத்துவிடும். திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொடரிணைப்பில் ஒரு விளக்கு எரிந்துபோனால் சரமே அணைந்துவிடும். குரோம் ஒவ்வொரு டேப்பையும் தனித்தனி நிரலாக இயக்கியது. வீட்டு விளக்குகளைப் போன்ற பக்க இணைப்பு. கூடத்து விளக்கு போனால் சமையலறை விளக்கு எரியும். இது குரோமுக்கே உரியது என்று பலர் எழுதினார்கள், அது சரியன்று. ஆறு நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 27 இல், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 இன் இரண்டாம் சோதனைப் பதிப்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருந்தது. விளம்பரத்தின் ஒளி எங்கே விழுகிறதோ அங்கேதான் கண்டுபிடிப்பும் பிறந்ததாகத் தோன்றும்.

இந்தப் பெருமையை ஒருவர் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் சோதித்தார். பாதுகாப்பு ஆராய்ச்சியாளரான அவர் கண்டது என்ன தெரியுமா? முகவரிக் கட்டத்தில் ஒரு முக்காற்புள்ளியும் அதையடுத்து விழுக்காட்டுக் குறியும், அதாவது :% என்று, இரண்டே விசைகள் தட்டினால் போதும். குரோம் முழுவதும், எல்லா டேப்களோடும் சேர்ந்து, விழுந்துவிடும். பக்க இணைப்பில் எல்லா விளக்குகளும் எப்படி ஒன்றாக அணைந்தன? வீட்டில் விளக்குகள் தனித்தனியே இருந்தாலும் மெயின் ப்யூஸ் ஒன்றுதானே! முகவரிக் கட்டத்தைக் கவனிப்பது எந்த டேப்பும் அன்று. எல்லா டேப்களுக்கும் தாயான மைய நிரல். பிழை அங்கே இருந்தபடியால் மெயின் ப்யூஸே போயிற்று. சில நாட்களில் வந்த திருத்தப் பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. அந்த முதல் வாரத்தின் ஆயிரக்கணக்கான சொற்களில், என் மதிப்பில், இந்த இரண்டு எழுத்துக்களே மிகச் சிறந்த விமர்சனம். யார் வேண்டுமானாலும் தம் மேசையில் உடனே செய்து பார்த்துச் சரிபார்க்கக் கூடிய கூற்று அது. அறிவியல் கேட்பதும் அதைத்தான்.

நினைவகம் பற்றிய புகார் இவ்வளவு தூய்மையானதன்று. விண்டோஸின் பணிப் பட்டியலைத் திறந்தவர்கள் குரோமின் பெயர் பத்துத் தடவை இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார்கள். எதிரேயுள்ள எண்களைக் கூட்டி, "நினைவகத்தை விழுங்குகிறது" என்றார்கள். அந்தக் கூட்டல் தவறு. ஒரே வளவில் நான்கு குடித்தனங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தம் இடத்தைக் கேட்டால் பொது முற்றத்தையும் கிணற்றடியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நான்கையும் கூட்டினால் மனையின் பரப்பைவிட அதிகம் வரும். அதுபோல, பல நிரல்களுக்கும் பொதுவான நினைவகப் பகுதி அந்தக் கூட்டலில் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டது. கூட்டல் தவறு என்றாலும் புகார் முழுப் பொய்யன்று. தனித்தனி நிரல் என்றால் தனித்தனிச் செலவு உண்டு. சித்திரக்கதையே இதை ஒப்புக்கொண்டது: தொடக்கத்தில் நினைவகம் சற்று அதிகம் செலவாகும், ஆனால் டேப்பை மூடியதும் அதன் இடம் முழுவதும் திரும்பிவிடுமாதலால் நாளடைவில் ஆதாயம் என்றது. இதைச் சோதிக்கப் பல மணி நேரம் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்ல இயலாது. பின்னாளில் குரோம் நினைவகப் பசிக்குப் பெயர் பெற்றதை நீங்களே அறிவீர்கள்.

மற்றப் புகார்களை விரிக்க வேண்டியதில்லை. மாக்கின்டாஷ், லினக்ஸ் கணிப்பொறிகளுக்கு இல்லை என்றார்கள்; துணைநிரல் இல்லை, எஃப்11 விசையை அழுத்தினால் முழுத்திரை இல்லை என்றார்கள். எல்லாம் மெய், எல்லாம் இரண்டாண்டுக்குள் தீர்ந்தன. முழுத்திரை 2009 மே மாதப் பதிப்பில் வந்தது. துணைநிரலும் மாக்கின்டாஷ், லினக்ஸுக்கான சோதனைப் பதிப்புகளும் 2009 டிசம்பரில் வந்தன. "துணைநிரல் இல்லாத உலாவியை யார் தொடுவார்கள்?" என்று ஆரூடம் சொன்னவர்கள், இல்லாத ஒன்று என்றும் இல்லாமலே இருக்கும் என்று கொண்டார்கள்.

தமிழ் வாசகருக்கு ஒரு செய்தியை இங்கே இடையில் சொல்லலாம். குரோம் திட்டத்தை முன்னின்று நடத்தி, வெளியீட்டு நாளில் உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2015 இல் அவர் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். பெருமைப்படலாம், ஆனால் ஊர்ப்பாசத்தை விமர்சனத் தராசில் வைக்கலாகாது.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். ஒரு மென்பொருளை நிறுவும்போது திரையில் நீண்ட ஒப்பந்தம் ஒன்று வரும். நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை. 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போகிறோம். குரோம் வெளியான அன்றே சிலர் அதைப் படித்தார்கள். அதன் 11 ஆம் பிரிவு அவர்களைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த உலாவியின் வழியே நீங்கள் அனுப்பும், வெளியிடும், காட்டும் எதனையும் படியெடுக்கவும் மாற்றவும் வெளியிடவும் கூகுளுக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகளாவிய உரிமையை நீங்கள் தருவதாக அது கூறியது. மின்னஞ்சலில் எழுதும் கடிதமும் உலாவி வழியேதானே போகிறது! எதிர்ப்பு எழுந்தது. மறு நாளே கூகுள் பின்வாங்கியது. தன் மற்றச் சேவைகளுக்கான பொது ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துப் போட்டதால் வந்த வினை என்று விளக்கியது. பிரிவை நீக்கி, நீக்கம் முன்பே நிறுவியவர்களுக்கும் பொருந்தும் என்றது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படித்தவர் ஒருவரும் இல்லையென்றால் அந்தப் பிரிவு அங்கேயே இருந்திருக்கும் அல்லவா?

வேறு சிலர் முகவரிக் கட்டத்தைக் கவனித்தார்கள். குரோமில் முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே கட்டம். நீங்கள் எழுத்துக்களைத் தட்டத் தட்ட, அது ஊகங்களைக் காட்டும். வசதியானதுதான். ஆனால் ஊகம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் தட்டிய எழுத்துக்கள் கூகுளின் கணிப்பொறிக்குச் சென்று, அங்கிருந்து விடை வருகிறது. 'என்டர்' விசையை அழுத்துவதற்கு முன்பே அவை போய்விடுகின்றன. மளிகைக் கடைக்குப் போய், ஒன்றைக் கேட்க வாயெடுத்து, மனம் மாறிக் கேட்காமலே திரும்புகிறோம் என்று கொள்ளுங்கள். கேட்காமல் விட்டதையும் கடைக்காரர் குறித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி வருவனவற்றில் சுமார் 2 விழுக்காட்டை, அனுப்பிய கணிப்பொறியின் இணைய எண்ணோடு சேர்த்துப் பதிவதாகக் கூகுள் கூறியது. கண்டனம் வலுக்கவே, செப்டம்பர் 8 ஆம் நாள், அந்தப் பதிவுகளிலிருந்து ஆளை அடையாளம் காட்டுவனவற்றைச் சுமார் 24 மணி நேரத்துக்குள் நீக்கிவிடுவதாக அறிவித்தது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்புக்கான அரசு அலுவலகம், சோதனைப் பதிப்பாகிய இதனைப் பொதுமக்கள் அன்றாடம் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. குரோமின் மூலநிரல் திறந்த நிலையில் இருந்தபடியால், அதே மாதத்தில் ஜெர்மனியில் ஒரு நிறுவனம் இத்தகைய பகுதிகளை நீக்கி 'அயர்ன்' என்னும் உலாவியை வெளியிட்டது.

இந்தக் கேள்விகளை எழுப்பியவர்களை அன்று பலர் கேலி செய்தார்கள். பதற்றக்காரர்கள், எதிலும் சதியைக் காண்பவர்கள் என்றார்கள். முதல் சில நாட்களில் உலகப் பயன்பாட்டில் சுமார் 1 விழுக்காட்டை மட்டுமே பிடித்திருந்த உலாவிக்கு இவ்வளவு ஆரவாரமா என்பதும் ஒரு வாதம். வாதத்தின் குறையைக் காலம் காட்டியது. 2008 டிசம்பர் 11 இல் சோதனை முத்திரை நீக்கப்பட்டபோது ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துவதாகக் கூகுள் கூறியது. 2012 மே மாதத்தில், ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்குப்படி, குரோம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை முந்தியது. இன்று உலக உலாவிப் பயன்பாட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் அதனிடம் இருக்கிறது. போட்டியாளரான மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் உலாவியே 2020 முதல் குரோமின் மூலநிரலின் மேல்தான் ஓடுகிறது. 1 விழுக்காடாக இருந்தபோது கேட்ட கேள்வி, 60 விழுக்காடாக ஆனபோதும் அதே கேள்விதான். விடையின் எடைதான் கூடிவிட்டது.

முதல் வாரத்தில் நகைச்சுவைக்கு மட்டும் பயன்பட்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். குரோமில் 'இன்காக்னிட்டோ' என்னும் மறைமுகப் பயன்முறை இருந்தது. அதில் பார்த்த பக்கங்கள் உங்கள் கணிப்பொறியின் வரலாற்றில் தங்குவதில்லை. அதைத் திறந்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். தகவல் திரட்டும் இணையதளங்கள், இணைய இணைப்புத் தருவோர், வேலை தரும் முதலாளி, விசைகளை வேவு பார்க்கும் தீய நிரல்கள், ஒற்றர்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பவர் ஆகியோரிடமிருந்து இது உங்களைக் காக்காது என்பது அதன் சாரம். ஒற்றரையும் முதுகுக்குப் பின் நிற்பவரையும் கண்டு எல்லாரும் சிரித்தார்கள். ரகசியமாக எதைப் பார்க்க இந்த வசதி என்று கொச்சையான கேலிகளும் பறந்தன. எச்சரிக்கையின் பொருளைச் சிரிப்பு விழுங்கிவிட்டது. இந்த முறையில் தாம் செய்வதை யாரும் அறியார் என்றே கோடிக்கணக்கானோர் நம்பலானார்கள்.

2020 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கூகுள் மீது வழக்குத் தொடரப்பட்டது. இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும், மற்ற இணையதளங்களில் பொருத்தப்பட்ட கூகுளின் கருவிகள் வழியே தகவல்கள் திரட்டப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 2024 ஏப்ரலில் சமரசத்தின் விவரம் வெளியாயிற்று. அத்தகைய பதிவுகளைக் கோடிக்கணக்கில் அழிக்கக் கூகுள் இசைந்தது. திரையில் வரும் எச்சரிக்கையின் வாசகமும் அந்த ஆண்டில் மாற்றப்பட்டது. 2008 இன் எச்சரிக்கையில் ஒற்றர் இருந்தார், முதலாளி இருந்தார், முதுகுக்குப் பின் நிற்பவரும் இருந்தார். கூகுளின் பெயர் இல்லை. புதிய வாசகத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.